சக்கரவர்த்திக்குச் சொன்ன பெயர்

எழுபத்தைந்தைத் தாண்டிய நம்மைப் போன்றவர்கள் திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குப் பேருந்தில் போகும்போது, கிளியனூர் தாண்டியதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். கவனித்திருக்கிறீர்களா? மடியில் இருக்கும் பையைக் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். அங்கே ஒரு காலத்தில் சுங்கச் சாவடி இருந்தது, அதைத் தாண்டினால் வேறு ராஜாங்கம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரனிடம் சொன்னால், "ரீல் விடாதீங்க ஆயா" என்கிறான். சோதனைக்காரன் போய் எழுபது வருஷம் ஆகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

நான் அந்தச் சாவடியில் அரிசி கடத்தியதில்லை, துணி கடத்தியதில்லை. ஒரு பெயரைக் கடத்தினேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்குச் சொன்னால் "அதுக்கின்னா இப்போ?" என்பார்கள். நீங்கள் திட்டினாலும் விஷயம் புரிந்து திட்டுவீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. வீட்டில் அப்பா, அம்மா, சித்தி, நான். அம்மாவும் சித்தியும் அக்கா தங்கை. அண்ணன் தம்பி இருவருக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். அவர்கள் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தது. வரப்பு மேலேயே நடந்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே அவர்களுடைய ஒரே சகோதரர், என் தாய்மாமா, பயிர் வைத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா மட்டும் வீட்டில் இல்லை. மூன்று வருஷம் மழை பொய்த்து, வெட்டின கிணறும் வறண்டு போனபோது, பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பாதான் தம்பியைப் பாண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். எப்படிச் சேர்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா கப்பலேறி, இப்போது வியட்நாம் என்கிறார்களே, அந்தச் சைகோனுக்குப் போனார். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. மாதம் ஒரு கடிதம் வரும். சித்தி சொல்லச் சொல்ல அப்பா பதில் எழுதுவார். மேல்விலாசத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து, கோலம் போடுகிற கவனத்தோடு பிரெஞ்சு எழுத்தில் வரைவார். அந்தச் சீட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த எழுத்துகளை எனக்குப் படிக்கத் தெரியாது. பார்த்துப் பார்த்து அடையாளம் மட்டும் தெரியும்.

பிறகு கடிதம் நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், பதினொரு மாதம்.

அந்த வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தவள் சித்தி முன்னால் வந்ததும் நின்றாள். சித்தியின் கழுத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "இரு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவேயில்லை. சித்தி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வளையலைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வெடித்தாள். "உசுரோட இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். அறுக்கணும்னா நானே அறுத்துப் போட்டுட்றேன். இப்படி நடுவுல நிக்க வச்சிக்கினு வேடிக்கை பாக்கறாங்களே! எனக்குத் தெரிஞ்சாவணும்க்கா."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஆறுதல் கேட்கவில்லை. சேதி கேட்டாள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம் அது. வாசல் முழுக்கக் கொடி குவிந்து கிடக்கும். ஈர மண்ணும் பச்சைக் காயும் சேர்ந்த வாசனை தலைமயிர் வரைக்கும் ஏறிவிடும். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது வரப்பு வழியாக மாமா வந்தார். ஒரு கையில் தூக்குப் பாத்திரம், இன்னொரு கையில் ஒரு காகிதம். தூரத்திலிருந்தே கத்தினார்.

"கேட்டீங்களா சேதிய? நான் செத்துட்டேன்!"

எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். பாண்டியிலிருந்து அவர் வீட்டு விலாசத்துக்குக் கடுதாசி வந்திருக்கிறது. அந்த ஊர் வாத்தியார் படித்துச் சொன்னாராம். சைகோன் சண்டையில் வீரமாகப் போராடி மாமா உயிரை விட்டுவிட்டாராம். மாமா கடலில் கால் நனைத்ததே மாசி மகத்துக்குத்தான்.

"பட்டாளத்து ஆபீசுல எவனோ தூங்கிக்கினு எழுதியிருக்கான்" என்றார். "ஆனா பூசாரி இன்னா சொன்னாரு தெரியுமா? செத்துட்டான்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டியாம். அம்மனுக்குப் பொங்க வச்சி, ஊருக்கே கேசரி போட்டோம். உங்களுக்கும் எடுத்துக்கினு வந்தேன்."

நம் பக்கத்தில் அந்த நம்பிக்கை இன்றும் உண்டு. பொய்ச் சாவு சேதி வந்தவனுக்கு எமன் ஒருமுறை வந்து போய்விட்டான் என்று கணக்கு. சித்தி பதினொரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். மாமாவுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றிவிட்டு, "பொணத்துக்கு இன்னா பசி பாரேன்!" என்று கேலி செய்தாள். தூக்கைத் திறந்து கேசரியை எடுத்து என் வாயில் ஒரு உருண்டை, தன் வாயில் ஒரு உருண்டை. நெய் வழிந்த விரலை நக்கிக்கொண்டே காகிதத்தை எனக்குக் காட்டினாள்.

காகிதத்தின் நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், தெரிந்தவர்களைச் சந்தையில் பார்த்த சந்தோஷம்.

"அப்பா, இது நாம சித்தப்பாவுக்கு எழுதுவமே, அந்த..."

அப்பாவின் குதிகால் என் கட்டைவிரலை மிதித்தது. மல்லாட்டைக் கொடிக்கு அடியில் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நான் அலறினேன். "தேள் கொட்டிடுச்சா பாரு" என்று அம்மா கொடியை உதறினாள். அந்த நகம் கறுத்து விழுந்து புது நகம் முளைக்க நாலு மாதம் ஆயிற்று.

அப்பா கேசரியைத் தொடவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு, காலைக் கழுவிவிடுவதாகச் சொல்லி வறண்ட கிணற்றுப் பக்கம் போனார். என்னை மேட்டில் உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் பொறந்தவனத்தான் பட்டாளத்துல எடுப்பாங்க பாப்பா. உன் சித்தப்பன் இந்தப் பக்கம் பொறந்தவன். நெலத்து வேலைன்னு சொல்லி உன் மாமனோட பொறப்புப் பத்திரத்த வாங்கிக்கினு போயி, அந்தப் பேர்லதான் சேத்துட்டு வந்தேன். மாமனுக்கே தெரியாது."

"அப்போ செத்துப்போனது?"

அப்பா மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்துக் கையிலேயே நசுக்கினார். பிறகு சொன்னார். "வெளிய சொன்னா ஆள் மாறாட்டம்னு மாமனப் புடிச்சிக்கினு போயிடுவாங்க. என்னையும் புடிச்சிடுவாங்க. அப்புறம் உங்க மூணு பேருக்கும் யாரு இருக்கா?"

"சித்திக்கு?"

"நேரம் பாத்து நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

நாங்கள் திரும்பி வந்தபோது சித்தி தூக்கை வழித்துக்கொண்டிருந்தாள். தன் புருஷன் செத்த சேதிக்கு வந்த இனிப்பை அவள் வழித்துத் தின்றதை நான் நின்று பார்த்தேன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் கேசரி வைத்தால் இலையில் ஒதுக்கிவிடுவேன். சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் சித்தி பக்கத்தில்தான் படுப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள்தான் தலை பின்னுவாள். அவள் பின்னும்போது எங்கே உளறிவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பேன். "இன்னாடி, வலிக்குதா?" என்று கேட்டுப் பின்னலைத் தளர்த்துவாள். அப்பா நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் அந்த நேரம் வரவில்லை.

அதற்குப் பதிலாகச் சக்கரவர்த்தி வந்தார்.

சைகோன் சீமைக்கே சக்கரவர்த்தி என்றார்கள். பிரெஞ்சுக்காரன் உட்கார வைத்த ராஜா என்றும் சொன்னார்கள். பிரான்சுக்குக் கப்பலில் போகிற வழியில் பாண்டியில் இறங்கி, அரை நாள் தங்கிப் போகப் போகிறாராம். மாமா ஊர் வரைக்கும் சாலையோரத்துப் புளியமரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சேதி கேட்டதும் சித்தி கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டாள்.

"அவரு ஊர்லதான எங்க ஊட்டுக்காரரு இருக்காரு? தன் ஊருக்கு வந்தவங்க இருக்காங்களா இல்லியான்னு ராஜாவுக்குத் தெரியாதா? நான் போய்க் கேக்கறேன்."

அம்மா தடுத்துப் பார்த்தாள். சித்தி கேட்கவில்லை. மனு எழுத வேண்டும் என்றதும் அப்பா அவராகவே எழுந்து, "நான் எழுதி வாங்கிக்கினு வர்றேன்" என்று கிளம்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மனுவில் அப்பா உண்மையை எழுதிவிடுவார், சக்கரவர்த்தி எல்லோரையும் மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். கதைகளில் ராஜாக்கள் அதைத்தானே செய்கிறார்கள்!

அப்பா கொண்டுவந்த மனுவில் ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் தமிழ். சித்தி என்னைப் படிக்கச் சொன்னாள். மகாராஜ ராஜஸ்ரீ என்று தொடங்கி வணக்கங்களெல்லாம் முடிந்து, சிப்பாயின் பெயர் வந்தது. சித்தப்பாவின் சொந்தப் பெயர். எந்தப் பட்டாளத்துப் பட்டியலிலும் இல்லாத பெயர். நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு சரியா இருக்குதாடி?" என்றாள் சித்தி.

"இருக்குது" என்றேன்.

போகிற நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். பொய்க் காய்ச்சல் இல்லை, உடம்பு கொதித்தது. அம்மா அவரோடு தங்கிவிட்டாள். ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பியதால் அந்தக் கும்பலோடு சித்தியும் நானும் விடியும்போதே நடந்தோம். ராஜாவை வெறுங்கையோடு பார்க்கக்கூடாது என்று சித்தி மஞ்சள் தடவிய ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். எனக்குப் பசித்தால் தின்ன வறுத்த மல்லாட்டை ஒரு முடிச்சு.

சாவடியில் வரிசை நீளமாக இருந்தது. சோதனைக்காரர் முடிச்சை அவிழ்த்து மல்லாட்டையைக் கிளறினார். மனுவைப் பிரித்தார். இவர் இந்தப் பக்கத்து ஆள், சித்தப்பாவும் இந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார், மாமாவைப் பிடித்துவிடுவார்கள் என்று சித்தியின் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ராஜாவுக்கு மனுவா?" என்று சிரித்தார். "எங்க சம்பள உயர்வப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லும்மா. போ, போ."

பாண்டிக் கடற்கரையில் அவ்வளவு கூட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை. புதுச் சுண்ணாம்பு வாசனை, கருவாட்டு வாசனை, வியர்வை. கப்பல் தூரத்தில் நின்றது. படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாத்தியம் முழங்கியது. கிரீடத்தைத் தேடி எங்கள் ஊர்க்காரர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட, தூக்கம் போதாத முகம் உள்ள ஒரு மனிதர்தான் சக்கரவர்த்தி என்று பிறகுதான் தெரிந்தது.

சைகோனில் சண்டை போட்டுத் திரும்பிய பழைய சிப்பாய்கள் மார்பில் பதக்கத்தோடு வரிசையாக நின்றார்கள். அவர் அந்த வரிசை பக்கமாக நடந்து வந்தார். சித்தி என் கையைப் பிடித்தாள். இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே என்னையும் இழுத்துக்கொண்டு புகுந்து, அவர் காலுக்கு நாலடி முன்னால் விழுந்தாள்.

சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி வளையல்கள் படபடவென்று உடைந்தன. பின்னால் நின்ற பெண்கள் "ஐயோ!" என்றார்கள். சித்தி எழுந்து நின்று தன் வெறுங்கையைப் பார்த்தாள். எனக்கு மட்டும் தெரியும், அந்தக் கை வெறுமையாகி நாளாகிவிட்டது என்று.

சக்கரவர்த்தி கையை உயர்த்தினார். போலீஸ்காரர் விலகினார். பக்கத்தில் இருந்த தமிழ் அதிகாரி ஒருவர் மனுவை வாங்கிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். சக்கரவர்த்தி மெதுவாக ஏதோ கேட்டார்.

"சிப்பாய் பேர வாயால சொல்லச் சொல்றாரும்மா" என்றார் அதிகாரி. "தானே விசாரிக்கறதா சொல்றாரு. சொல்லு."

சித்தி வாயைத் திறந்து மூடினாள். புருஷன் பெயரைச் சொல்கிற பெண் அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்தியும் இல்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும். இவ்வளவு தூரம் வந்து, காலில் விழுந்து, வளையல் உடைந்த பிறகும் அவளால் அது முடியவில்லை. என்னை முன்னால் தள்ளினாள்.

"நீ சொல்லுடி கண்ணு. சத்தமா சொல்லு."

சக்கரவர்த்தி குனிந்தார். அவர் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக இருந்தது. அத்தர் வாசனை அடித்தது. என் வாய்க்குள் இரண்டு பெயர்கள். மாமாவின் பெயரைச் சொன்னால் அவர் எந்த ஏட்டைப் பார்த்தாலும் ஒரு மாதத்தில் பதில் வரும், சித்திக்குத் தெரிந்துவிடும், மாமாவும் அப்பாவும் ஜெயிலுக்குப் போவார்கள். சித்தப்பாவின் பெயரைச் சொன்னால் எதுவும் வராது. ஒன்பது வயசுப் பெண்ணை நிற்க வைத்துக் கேட்கிற கேள்வியா இது?

சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். சத்தமாக, ஸ்பஷ்டமாக, அவர் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்கிற பள்ளிக்கூடத்து வழக்கப்படி சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். சித்தி எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் சக்கரவர்த்தி கையிலேயே வைத்துக்கொண்டு வரிசை முடியும் வரைக்கும் நடந்தார். அப்புறம் அதை யாரிடம் கொடுத்தாரோ.

திரும்பும்போது சித்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "எவ்ளோ தெளிவா சொன்ன! அந்த மவராசன் தல ஆட்டுனாரு பாத்தியா?" என்று வழியெல்லாம் என்னைக் கொஞ்சினாள். எனக்குப் பாண்டிக் கடையில் பன் வாங்கிக் கொடுத்திருந்தாள். சாவடி அருகே அத்தனையையும் வாந்தி எடுத்தேன். வெயில் என்று சொல்லி முந்தானையை நனைத்து என் தலையில் போட்டாள்.

பொங்கல் முடிந்து பதில் வந்தது. அந்த மனிதர் வாக்குத் தவறவில்லை. ஏடுகளையெல்லாம் பார்த்தாயிற்று, அப்படி ஒரு பெயருள்ளவர் பட்டாளத்தில் சேரவே இல்லை என்று முத்திரை வைத்துத் தமிழில் எழுதியிருந்தார்கள். அப்பா படித்துச் சொன்னார். சித்தி காகிதத்தை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ சேரவே இல்ல" என்றாள். "பட்டாளம் பட்டாளம்னு எழுதினதெல்லாம் புளுகு. எவ கூடவோ குடும்பம் பண்ணிக்கினு இருக்கான். அதான் லெட்டரு நின்னு போச்சி. அப்படித்தான?"

இதோ, அந்த நேரம். இதைவிட நல்ல நேரம் அப்பாவுக்கு வாய்த்திருக்காது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கும்" என்றார் அப்பா.

செத்துப்போன தம்பிமேல் அவர் போட்ட மண் அந்த ஒரு வார்த்தைதான். அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. பயந்தவர். ஆனால் கெட்டவன் செய்கிற கெடுதல் ஒருநாள் அவனுக்கே சலித்துவிடும். பயந்தவன் செய்கிற கெடுதலுக்கு முடிவே இல்லை.

அதற்குப் பிறகு தாம்பாளங்கள் சித்தியைத் தாண்டிப் போகவில்லை. புருஷன் ஓடிப்போனவள்தான், ஆனாலும் சுமங்கலி. எல்லா வளைகாப்பிலும் அவளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்தார்கள், முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவளுக்கு முன்கோபம் வந்தது. அடுப்பில் பால் பொங்கினாலும் சித்தப்பாவைத்தான் திட்டுவாள். ஆடி அமாவாசைக்கு அப்பா காக்கைக்குச் சோறு வைக்கும்போது தாத்தாவுக்கு ஒரு பிடி, பாட்டிக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, சித்தி பார்க்காதபோது தள்ளி இன்னொரு பிடி வைப்பார். நான் பார்ப்பேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும்.

பிரெஞ்சுக்காரன் போனான். சாவடி போயிற்று. மாமா எண்பத்தெட்டாம் வருஷம் வரைக்கும் இருந்தார். தன் சாவைச் சொல்லி வந்த கடுதாசிக் கதையைக் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அந்தக் கதை அவரோடு எரிந்தது. அப்பா போனார். ஜெயிலுக்குப் போக ஒருவரும் மிச்சமில்லை. அப்புறமாவது நான் சொல்லியிருக்கலாம். "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடும்போதும் அந்தக் கேள்வி இன்னும் ஒரு வருஷம் கனத்தது. நான் அப்பாவுக்குப் பிறந்த பெண்தான், சந்தேகமில்லை.

சித்தி கடைசி நாட்களில் திண்டிவனத்தில் என் வீட்டில்தான் இருந்தாள். நினைவு தெளிவாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலை, இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு செய்வியாடி?"

"சொல்லு சித்தி."

"நான் போயிட்டேன்னு கேள்விப்பட்டு அவன் வந்து நிப்பான். கெழவனாட்டம் வந்து நிப்பான். உள்ள உட்றாத. என் மூஞ்சிய அவன் பாக்கக் கூடாது."

வாயைத் திறந்தேன். அறுபது வருஷக் கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிர் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பிணத்தை அவள் மடியில் போட என்னால் முடியவில்லை. அல்லது, அதுவும் நான் சொல்லிக்கொள்கிற சாக்குத்தான்.

"உடமாட்டேன் சித்தி" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

நாலாம் நாள் போய்விட்டாள். முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். தீர்க்க சுமங்கலி என்று பெண்கள் அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். "நீயும் வந்து தொட்டுக்கோ" என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. சத்தியம் செய்து கொடுத்திருந்தேனே. பாடை தூக்கும் வரைக்கும் தெருவாசலை அடைத்துக்கொண்டு, இருபத்தாறு வயசில் செத்துப்போன ஒரு மனிதரை உள்ளே விடாமல் காவல் நின்றேன்.